பரனிகோவின் ஐந்தாவது சேர்மானம்

ஒனோதோவா தீவின் வடக்கு ஊரில் பரனிகோவைப் போல மூக்கு உள்ள ஆள் யாரும் கிடையாது. காற்று திரும்பினால் போதும், யார் வீட்டில் என்ன வேகிறது, யார் வீட்டில் என்ன அழுகுகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். சொல்லாமல் இருக்கமாட்டார் என்பதுதான் ஊருக்குத் தொல்லை.

இளவயதில் பன்னிரண்டு வருஷம் பாஸ்பேட் தீவில் கல் வெட்டினவர் அவர். கல் என்பது மரியாதைக்குச் சொல்வது. லட்சம் வருஷமாகக் கடற்பறவைகள் இருந்துவிட்டுப் போனதெல்லாம் இறுகிக் கிடந்த தீவு அது. அதை வெட்டி, பொடித்து, கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களுக்கு அனுப்பினார்கள். பரனிகோ ஒரு பாட்டுப் பெட்டியும், ஆறு பெட்டி மாட்டிறைச்சி டின்னும், மூக்கு நிறைய வெள்ளைத் தூசியுமாக ஊர் திரும்பினார். தூசி போகவே இரண்டு வருஷம் ஆயிற்று. போன பிறகு, சும்மா கிடந்த காலத்துக்கும் சேர்த்து அந்த மூக்கு வேலை செய்யத் தொடங்கியது என்பது அவருடைய மனைவி தராபோவின் கருத்து.

"பறவைப் பீயை வெட்டிச் சாப்பிட்டவருக்கு, இப்ப நான் மீன் குடலைக் கொஞ்சம் வாசல்ல வெச்சா ஆகலையாம்" என்பாள் அவள்.

மூக்கைத் தவிர அவருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அது அவருடைய பபாய்க் குழி.

பபாய் என்பது ஆள் உயரத்துக்கு மேல் இலை விடும் சேம்பு. அந்தத் தீவில் மண் என்று சொல்ல ஒன்றும் இல்லை, பவளம் நொறுங்கிய வெள்ளை மணல்தான். மழைநீர் அந்த மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கும். அந்த நல்ல தண்ணீரைத் தொடும்வரை குழி தோண்டி, சேற்றில் பபாயை நட்டு, சுற்றி அடியில்லாத ஓலைக்கூடை ஒன்றைப் பின்னி, அதற்குள் காய்ந்த இலைகளை நறுக்கிப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். இலை மட்கும், பபாய் தின்னும், மறுபடி போடவேண்டும். நல்ல கிழங்குக்குப் பத்து வருஷம். பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு நாள் ஊட்டிவிடுவதில்லை.

எந்த இலை, எந்த வரிசை, எந்தப் பிறைக்கு என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரகசியம். விடியும்போது தனியாகப் போய்த் தீனி போட்டுவிட்டு வருவார்கள். அடுத்தவன் குழியைத் தாண்டிப் போகிறவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளவேண்டும். உன் பபாய்க்கு என்ன போடுகிறாய் என்று கேட்பதற்குப் பதில் உன் மனைவி எப்படி என்று கேட்டுவிடலாம். அதற்காவது ஒரே ஒரு அறையோடு விட்டுவிடுவார்கள்.

பரனிகோவின் குடும்பத்துச் சேர்மானம் ஐந்து. கல்யாணத்தன்று அப்பா நான்கைச் சொன்னார்: பன்னீர் இலை, நீர்ப்பருத்தி இலை, கடலோர அத்தி, ஈரப்பலா. ஐந்தாவதைச் சாகும்போது சொல்வதுதான் வழக்கம். அப்பாவுக்கு அந்தச் சமயம் வந்தபோது மகன் பாஸ்பேட் தீவில் பறவை எச்சத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். கப்பல் கிடைத்து ஊர் வந்து சேர்வதற்குள் ஆறு வாரம் ஓடிவிட்டது.

"கடைசியா அப்பா என்ன சொன்னார்?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"மீன்ல உப்பு ஜாஸ்தின்னு சொன்னார்" என்றாள் அம்மா.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு பரனிகோ கொஞ்ச நாள் குழியில் கருவாட்டுத் தண்ணீர்கூட ஊற்றிப் பார்த்தார். பிறகு பாஸ்பேட் தீவிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த ஒரு மூட்டை பொடி. கோதுமைக்குப் பிடித்தது பபாய்க்குப் பிடிக்கவில்லை. பிறகு சுறாக்குடல், கடல் அட்டை, ஆக்டோபஸ் மை. துருப்பிடித்த இறைச்சி டின்னை நசுக்கிப் போடுவது ஊரில் எல்லாரும் செய்வதுதான். இளம் இலை வெளுத்தால் அது இரும்பு கேட்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். அதையும் செய்தார். எதைப் போட்டாலும் போடாவிட்டாலும் அவர் பபாய் ஒரே மாதிரி கொழுத்துக்கொண்டு வந்தது. ஊரில் யாருடையதும் அதன் முட்டிக்கு வரவில்லை.

முப்பது வருஷம் இப்படிப் போன பிறகு பரனிகோ ஒரு முடிவுக்கு வந்தார். ஐந்தாவது சேர்மானம் அவருடைய கைதான். இதை மனதோடு வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. மனேபாவில், அதாவது ஊர்ச்சபைக் கூடத்தில், சொல்லவும் தொடங்கினார்.

"சில பேர் கை அப்படி. நான் என்ன பண்றது?" என்று விரல்களை விரித்துக் காட்டுவார்.

"அந்தக் கையால கொஞ்சம் என் தலையிலயும் தடவிவிடு. முடி வளருதான்னு பாப்போம்" என்பார் எதிர்க் குடும்பத்து ருவாத்து. அவருக்கும் வயது அறுபது தாண்டியிருந்தது. முடி நாற்பதிலேயே போய்விட்டது.

ருவாத்துவுக்கு வயிற்றெரிச்சல் இருக்கக் காரணம் இருந்தது. ஊரில் பெரிய விருந்து நடந்தால் மனேபாவுக்குள் முதலில் நுழைவது பரனிகோ குடும்பத்தின் பபாய்தான். அவர் அப்பா காலத்தில் கிடைத்த உரிமை. அதைவிடப் பெரிய கிழங்கை வேறு குடும்பம் கொண்டுவரும் நாள்வரைதான் அது செல்லும்.

பரனிகோவின் குழிக்குக் கிழக்கே நாற்பது எட்டில் அவருடைய கொழுந்தியா காதிமிராவின் வீடு. தராபோவின் தங்கை. வீட்டில் பதினோரு பேர், ஏழு பன்றிகள், ஓலை மறைப்புக்குள் குழி வெட்டிய ஒரு கக்கூஸ். தீவில் காற்று வருஷத்தில் முக்கால் பங்கு கிழக்கிலிருந்துதான் அடிக்கும். எனவே காதிமிரா வீட்டில் நடப்பதெல்லாம் பரனிகோவின் மூக்குக்குத் தெரியும்.

"மச்சான், நேத்து என் மூத்தவனுக்கு வயிறு சரியில்ல. தெரியுமா?" என்பாள் காதிமிரா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"உன்னைவிட முன்னாடியே தெரியும்."

"அப்ப மருந்தும் நீங்களே சொல்லிடலாமே. எனக்கு நர்ஸ்கிட்ட போற வேலை மிச்சம்."

மச்சானும் கொழுந்தியாவும் எதை வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம் என்பதால் இந்தப் பேச்சுக்கு ஒரு முடிவே இல்லாமல் இருந்தது. அதை முடித்து வைக்கத் தலைநகர் தராவாவிலிருந்து சுகாதாரத் துறைப் பெண் ஒருத்தி வந்தாள்.

அவள் ஒரு பெட்டி நிறையச் சின்னப் பாட்டில்களோடு வந்து வீடு வீடாகக் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்தாள். மூன்றாம் நாள் பாட்டில்களை மனேபாவில் வரிசையாக நிறுத்தினாள். தண்ணீர் கறுத்திருந்தால் அதில் கழிவு கலந்திருக்கிறது என்று அர்த்தமாம். சில பாட்டில்கள் தெளிவாக இருந்தன, சில மங்கலாக. காதிமிராவின் பாட்டில் கணவாய் மை மாதிரி இருந்தது.

பரனிகோ எழுந்தார். இந்தச் சந்தர்ப்பத்துக்காக இருபது வருஷம் பேச்சு தயாரித்து வைத்திருந்தவர்போலப் பேசினார். குழந்தைகளின் வயிற்றைப் பற்றிச் சொன்னார். பெரியவர்களின் மூக்கைப் பற்றி அதைவிட நீளமாகச் சொன்னார். பன்றிப்பட்டியும் கக்கூஸும் ஊர் நடுவில் இருக்கக்கூடாது, சாலைக்கு மேற்கே, காயல் கரைக்குப் போகவேண்டும் என்று முடித்தார்.

காதிமிரா உட்கார்ந்தபடியே கேட்டாள்: "மச்சான், நெசமாத்தான் சொல்றீங்களா?"

"பின்ன? விளையாட்டுக்கா?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"யோசிக்க என்ன இருக்கு? நாத்தம் நாத்தம்தானே!"

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டாள். ஈஸ்டர் கழிந்த வாரமே பட்டி காயல் கரைக்குப் போனது. சாலையோரம் சிமெண்டுத் தொட்டி வைத்த புதுக் கக்கூஸ் வந்தது. பழைய குழி மூடப்பட்டது. பரனிகோ நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டார். அவருக்குப் பிடித்த காற்று அது.

அதே வாரம் பெரியவர்கள் இன்னொன்றும் தீர்மானித்தார்கள். புது மனேபாவின் கூரை அடுத்த ஈஸ்டருக்குள் முடிந்துவிடும். திறப்பு விருந்து அன்று. பரனிகோ சிரித்துக்கொண்டார். குழியில் பதினொரு வயதுப் பபாய் ஒன்றை அவர் அதற்காகவே வைத்திருந்தார்.

அக்டோபரில் அதன் அடி இலை ஒன்று மஞ்சளாயிற்று.

ஒரு இலை மஞ்சளாவது ஒன்றுமில்லை. பரனிகோ அதை அறுத்து எறிந்தார். பத்து நாளில் அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. இளம் இலை வெளுத்திருந்தால் டின்னைப் போடலாம். இது கிழட்டு இலையிலிருந்து மேலே ஏறிக்கொண்டு வந்தது. புதிதாக விரிந்த இலையை முழம் போட்டுப் பார்த்தார். முந்தியதைவிட ஒரு சாண் குறைவு. அதற்கு முந்தியதைவிட ஒன்றரைச் சாண். இலை சிறுத்தால் கிழங்கு உள்ளே பஞ்சாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நான்கு இலைகளையும் இரண்டு மடங்கு போட்டார். பிறை பார்த்துப் போட்டார், பிறை பார்க்காமலும் போட்டார். குழித் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்தார். உப்பு ஏறவில்லை. மழையும் அந்த வருஷம் மோசமில்லை. தன் கைகளை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு பார்த்தார். அவை பழைய கைகளாகத்தான் இருந்தன.

வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் ருவாத்து, அந்த மாதம் கழுத்தைக் கொஞ்சம் மெதுவாகத் திருப்பினார்.

"என்ன பரனிகோ, குழிப் பக்கம் ஏதோ மஞ்சளா தெரிஞ்சுது. எலுமிச்சை போட்டிருக்கியோ?"

"உன் கண்ணுதான் மஞ்சள். நர்ஸைப் போய்ப் பாரு."

"என் கண்ணை விடு. உன் கைக்கு என்ன ஆச்சு? சுளுக்கா?"

பரனிகோ வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். தராபோ தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனை முன்னால் வைத்தாள். அவர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

"முதல் இடம் போனா போகட்டும்ங்க. பபாய் யார் கொண்டுவந்தாலும் வயித்துக்குள்ள ஒண்ணுதான்."

"அப்பா வாங்கின இடம். நான் விட்டேன்னு இருக்கணுமா? அஞ்சாவது என்னன்னு அந்த மனுஷன் ஒரு காகிதத்துல எழுதி வெச்சிருக்கக் கூடாதா?"

"மீன்ல உப்பைப் பத்தி எழுதி வெச்சிருப்பார்" என்றாள் தராபோ. அவர் சிரிக்கவில்லை.

நவம்பரில் ஒரு காலை, தண்ணீர் வற்றிய நேரம், வலை வீசுவதற்காகக் காயல் கரைக்கு இறங்கினார். அங்கே பார்த்ததை ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். எப்போதும் வெறும் வெள்ளையாகக் கிடக்கும் சேற்றுத் தரையில், காதிமிராவின் புதுப் பன்றிப்பட்டிக்கு நேர் கீழே மட்டும், ஒரு பாய் விரித்த மாதிரிப் பச்சைப் பாசி. இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் பச்சை. வலையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து மணலில் கையால் தோண்டினார். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறியது. நாக்கில் விட்டுப் பார்த்தார். பன்றிப்பட்டிக்குக் கீழே இதைச் செய்கிறோம் என்று பிறகுதான் உறைத்தது. துப்பினார். ஆனால் துப்புவதற்கு முன்பே தெரிந்துவிட்டது: அது கடல் தண்ணீர் இல்லை. நல்ல தண்ணீர், மேட்டிலிருந்து மணலுக்கு அடியில் நடந்து வந்து கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. வரும் வழியில் இருப்பதையெல்லாம் தூக்கிக்கொண்டு.

திரும்பிக் கிழக்கே பார்த்தார். தீவின் நடுவில் காதிமிராவின் வீடு. அதற்கு மேற்கே நாற்பது எட்டில் அவருடைய குழி. அதற்கும் மேற்கே அவர் நின்ற கரை. எல்லாம் ஒரே கோட்டில் இருந்தன.

கிழக்கிலிருந்து காற்று கொண்டுவந்ததை முப்பது வருஷம் திட்டினார். அதே திசையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்ததை முப்பது வருஷம் தன் கை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வலையை எடுக்காமலே காதிமிரா வீட்டுக்குப் போனார். அவள் தென்னம் பாளையிலிருந்து இறக்கிய பதநீரைப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"காதிமிரா, ஒண்ணு கேக்கணும். கேக்கக்கூடாததுதான்."

"நான் இன்னும் விதவைதான் மச்சான். அக்காகிட்ட கேட்டுட்டுக் கேளுங்க."

"வெளையாடாதே. இந்த இடம் உங்க அப்பாவுக்கு எப்படி வந்துச்சு?"

அவள் துடுப்பை நிறுத்தினாள். சிரிப்பும் நின்றது.

"உங்க அப்பா குடுத்தார். சும்மாதான் குடுத்தார். ஒரே ஒரு பேச்சு மட்டும். வீட்டை எங்க வேணா கட்டிக்கோ, பன்னியை மட்டும் மேற்குப் பக்கம், இந்த எல்லையை ஒட்டிக் கட்டணும். மறைவுக்குப் போறதும் அங்கதான். ஏன்னு கேக்கக்கூடாதுன்னாராம். எங்க அப்பா கேக்கல."

"உனக்குத் தெரியுமா, ஏன்னு?"

"எனக்கு மூக்குதான் சின்னது மச்சான். புத்தி இல்ல."

"அப்ப மனேபாவுல சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்றது? எல்லார் முன்னாடியும் எழுந்து, உங்க குடும்ப ரகசியம் என் கக்கூஸ்லதான் இருக்குன்னா? அடுத்தவன் பபாய்க்கு என்ன தீனின்னு நான் வாயைத் திறக்கலாமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டேனே. கண்ணாலயும் கேட்டேன். நீங்க நாத்தம் நாத்தம்தானேன்னீங்க."

பரனிகோ அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த தேங்காய் மேல் உட்கார்ந்தார். 

"பட்டியை மறுபடி இங்க கொண்டுவந்துடேன்" என்றார் கடைசியில்.

"முடியாது" என்றாள் காதிமிரா உடனே. "பட்டி போய்க் கிணத்துத் தண்ணி தெளிஞ்சதிலேர்ந்து என் பேரன் ஒரு நாள்கூட வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழல. உங்க கிழங்குக்காக அவனை அழவிடமாட்டேன்."

 மனேபாவில் குழந்தைகளின் வயிற்றைப் பற்றிப் பேசியவர் அவர்தான்.

"ஆனா," என்றாள் அவள் பாகைக் கிளறியபடி, "பன்னிங்க கரையில இருக்கு. அதுங்க போடுறதும் அங்கயேதான் இருக்கு. யாரும் பூட்டி வெக்கல. உங்களுக்குக் கை இருக்கு. ஊரே அறிஞ்ச கை."

கரையிலிருந்து குழிக்கு முந்நூறு எட்டு. நடுவில் சாலை, மனேபா, கூட்டுறவுக் கடை. காலையில் அந்த வழியாகப் போகாத ஆளே ஊரில் கிடையாது.

முதல் நாள் பரனிகோ கூடையின் மேல் பன்னீர் இலையைப் பரப்பி மூடிக்கொண்டு போனார். மூடினால் தெரியாதா? கடை வாசலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பரனிகோ, எங்கிருந்தோ ஒரு வாடை வருது. உனக்கு வரலையா?" என்றார் ருவாத்து.

"வருது."

"யார் வீட்டுலேர்ந்துன்னு சொல்லேன். நீதான் சொல்லுவியே."

பரனிகோ நடந்துகொண்டே இருந்தார். மூன்றாம் நாள் இலையால் மூடுவதை விட்டுவிட்டார். மூடிய இலையும் குழிக்குத்தானே போகிறது, தனியாக எதற்கு வேலை என்று தோன்றிவிட்டது. ஒரு வாரத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது. அவருடைய மூக்குக்கு மட்டும் பழகவில்லை. கூடை தோளில் இருந்த நேரமெல்லாம் வாயால் மூச்சு விட்டார். வாயில் ஈ போனது. இருமினார். மறுநாளும் போனார்.

பச்சை விட்டையை அப்படியே வேரில் போட்டால் கிழங்கு அழுகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். குழிக்கு மேலே நிழலில் ஒரு அடுக்கு விட்டை, ஒரு அடுக்கு நறுக்கிய இலை, மரத்தடியில் சுரண்டிய கொஞ்சம் கறுப்பு மக்கு என்று அடுக்கி, ஈரம் தெளித்து, உள்ளே கை விட்டால் சுடும் அளவு வந்து, பிறகு சூடு ஆறி, நாற்றம் போய், மழைக்குப் பிந்திய மண் வாசம் வரும்வரை காத்திருந்து போட்டார். எப்போது போடலாம் என்பதை முகர்ந்தே முடிவு செய்தார். அந்த ஒரு வேலைக்கு ஊரில் அந்த மூக்கை விட்டால் வேறில்லை.

"பன்னெண்டு வருஷம் பறவைது. இப்ப பன்னிது. உங்க ஜாதகம் நல்ல ஜாதகம்" என்றாள் தராபோ, வாசலிலேயே அவரைக் குளிக்கச் சொல்லித் தண்ணீரை ஊற்றியபடி.

"அங்க வெட்டினது யாரோ கண் காணாதவன் கோதுமைக்கு. இது நமக்கு."

ஜனவரியில் மஞ்சள் நின்றது. பிப்ரவரியில் விரிந்த இலை முந்தியதைவிட ஒரு சாண் பெரிது. அவர் அதைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பெரிய கிழங்காக ஆகிவிடும் என்று ஏமாற்றிக்கொள்ளவில்லை. ஐந்து மாதத்தில் பதினொரு வருஷம் திரும்பி வராது. பஞ்சாகாமல் இருந்தால் போதும் என்றிருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் தோண்டி எடுத்தார்கள். பெரியவர்கள் முழக்கயிற்றால் சுற்றளந்தார்கள். ருவாத்துவின் கிழங்கையும் அளந்தார்கள். மறுபடி அளந்தார்கள். கயிற்றை மாற்றி அளந்தார்கள். பரனிகோவுடையது இரண்டு விரல் அதிகம்.

ருவாத்து தன் கிழங்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. ஏனென்றால் இன்னொரு படி பாக்கி இருந்தது.

முதல் பபாய் கழியில் தொங்கி மனேபாவுக்குள் நுழையும்போது, வாசலில் மூத்த பெரியவர் கேட்பார்: இதற்குச் சோறு போட்டது யார்? போட்டவர்கள்தான் கழியின் இரு முனையையும் தூக்கியிருக்க வேண்டும். யார் என்று மட்டும் சொன்னால் போதும், என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் பொய் சொல்லக்கூடாது. பொய் சொல்லிக் கொண்டுவந்த பபாயைத் தின்றால் ஊர்த் தொண்டையே அரிக்கும். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு விருந்தில் அப்படித்தான் முந்நூறு பேர் தொண்டையைச் சொறிந்துகொண்டு திரிந்தார்கள். சரியாக வேகவில்லை என்றான் கொண்டுவந்தவன். அவனை இன்றுவரை யாரும் நம்பவில்லை.

எப்போதும் பரனிகோ முன்முனை, செத்துப்போன அப்பாவுக்குப் பதிலாகத் தராபோவின் தம்பி பின்முனை. "நானும் என் அப்பாவும்" என்று சொல்லிவிட்டு நுழைந்துவிடுவார். அந்தக் காலையில் கழியைத் தோளில் வைக்கப் போனவர் நின்றுவிட்டார். கூட்டத்தில் தேடினார்.

"காதிமிரா! வா இங்க. பின்னாடி பிடி."

"எதுக்கு? எனக்கு முதுகுவலி."

"பதினோரு பேர் வீட்டைச் சுமக்கிற முதுகு. வா."

"பொம்பளை கழி தூக்குறதா? நல்லாயிருக்கு!" என்றார் ருவாத்து எல்லாருக்கும் கேட்கும்படி. "சோறு போட்டவங்கதான் தூக்கணும். அவ என்ன போட்டா?"

 மூத்த பெரியவர் பரனிகோவைப் பார்த்தார். "என்ன" என்பதை யாரும் யாரையும் கேட்டதில்லை. ருவாத்து கேட்டுவிட்டார். பரனிகோ பதில் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு பழையபடி "நானும் அப்பாவும்" என்றால் முதல் இடம் அவருக்குத்தான். அது முழுப் பொய்யும் இல்லை.

பரனிகோ கழியைக் கீழே வைத்தார்.

"நாலு சேர்மானத்தைச் சொல்லமாட்டேன். அது எங்க குடும்பத்துது. அஞ்சாவதைச் சொல்றேன். அது இவ குடும்பத்துது." மூச்சை இழுத்துக்கொண்டார். "எங்க அப்பா காலத்துலேர்ந்து இவ வீட்டுப் பன்னியும், இவ வீட்டு மனுஷரும், ராத்திரி பகல் பாக்காம என் குழிக்குச் சோறு போட்டிருக்காங்க. மண்ணுக்கடியில தண்ணி தூக்கிட்டு வந்து குடுத்துச்சு. நான் என் கைன்னு நெனச்சுட்டிருந்தேன். போன வருஷம் இதே சபையில எழுந்து நின்னு, சோறு போட்டவங்களை நாத்தம்னு சொல்லி வெரட்டினதும் நான்தான்."

 பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி பன்றி உறுமுவது மாதிரி மூக்கால் சிரித்தாள். அதோடு எல்லாருடைய அடக்கமும் போயிற்று. மனேபாவின் ஓலை அதிரும்படி ஊரே சிரித்தது. மூத்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி சிரித்தார், மறுபடி துடைத்துக்கொண்டார்.

"அப்ப முப்பது வருஷமா விருந்துல நாங்க தின்னது..." என்றார் அவர்.

"வெந்துடுச்சு இல்ல?" என்றாள் காதிமிரா. "பின்ன என்ன! நீங்க தின்னீங்க, நாங்களும் தின்னோம். எங்க வீட்டுல தின்னது திரும்ப மச்சான் குழிக்குத்தான் போச்சு. கணக்கு சரியாத்தான் இருக்கு."

பெரியவர் கையை உயர்த்தினார். "சோறு போட்டது ரெண்டு வீடு. தூக்கிட்டு உள்ள வாங்க. முதல் துண்டு அந்த வீட்டுக்கு." காதிமிராவைக் காட்டினார். "பரிமாறுற வட்டம் அங்கேர்ந்துதான் தொடங்கணும்."

கழியின் முன்முனையில் பரனிகோ, பின்முனையில் காதிமிரா. முதுகுவலி என்றவள் அவரைவிட உயரமாகத் தூக்கியதால் கிழங்கு முன்னால் சரிந்து அவர் பிடரியில் இடித்துக்கொண்டே வந்தது. தராபோ வாயில் துணியை அடைத்துக்கொண்டு பார்த்தாள்.

பபாய் வெந்து தேங்காய்ப்பாலோடு வந்தது. காதிமிரா முதல் துண்டை வாயில் போட்டு மென்றாள். ஊரே அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்கினாள்.

"அரிக்கல" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை பரனிகோ கரையில் கூடையை நிரப்பிக்கொண்டிருந்தபோது, ருவாத்து வந்து பட்டியின் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பன்றிகளைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். பரனிகோவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"ஏழு பன்னிக்கு... உனக்கு எல்லாமே வேணுமா?"

பரனிகோ நிமிர்ந்து அவரை முகர்ந்து பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கொழுந்தியாகிட்டக் கேளு. சேர்மானம் அவ குடும்பத்துது."

பன்றிகளுக்குத் தீனி கொண்டுவந்துகொண்டிருந்த காதிமிராவின் குரல் பின்னாலிருந்து வந்தது. "தரேன் ருவாத்து. ஆனா அந்தக் கூடையை நீங்களே தூக்கணும். கடை வாசல் வழியாத்தான் போகணும். இலை போட்டு மூடக்கூடாது."